காங்கிரஸ் உறுப்பினர்களும் தோட்டத்து டிஸ்பென்சரியும்

நோயாளியின் கையில் காசு இருக்கிறதா என்று கேளாமல் சிகிச்சை அளிக்கும் நாடு இலங்கை. இது நாம் பெருமைப்பட வேண்டிய ஒரு சாதனை. குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட இடங்கள் என்று 1985ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் சீனா, கோஸ்டாரிக்கா, கேரளம் ஆகியவற்றை எடுத்துக்காட்டியபோது, இலங்கையையும் அவற்றோடு சேர்த்தே குறிப்பிட்டார்கள்.

ஆனால் இதே நாட்டில் 2016ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார மதிப்பீடு இன்னொரு கதையையும் சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். பெருந்தோட்டத்துறையில் மட்டும் நூற்றுக்கு 32 பேர். ஒரே நாடு, ஒரே இலவச சுகாதார சேவை. ஆயினும் தோட்டத்துப் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைக்கும் இடையில் இத்தனை தூரம்.

இதற்குக் காரணம் கேட்டால் வறுமை, மதுபானம், அறியாமை, லயன் வாழ்க்கை என்று பட்டியல் நீளும். அவை ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. எனினும் பட்டியலில் இடம்பெறாத காரணம் ஒன்று இருக்கிறது. கிராமத்தில் மக்களின் சுகாதாரத்துக்கு அரசாங்கம் பொறுப்பு. தோட்டத்தில் அந்தப் பொறுப்பு யாருடையது? துரையுடையதா, கம்பனியுடையதா, ‘ட்ரஸ்ட்’டினுடையதா, மாகாண சபையினுடையதா? தெளிவான பதில் இல்லாதபடியால் கேட்பதற்கும் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் அரசியல்வாதி வந்து நிற்கிறார்.

இரண்டு காங்கிரஸ்கள்

அமெரிக்காவின் சட்டமன்றத்துக்கும் காங்கிரஸ் என்றுதான் பெயர். அந்த நாட்டில் இலவச வைத்தியம் இல்லை. காப்புறுதி இல்லாதவன் நோயில் விழுந்தால் கடனிலும் விழுவான். இந்நிலையை மாற்றுவதற்கான சுகாதாரச் சீர்திருத்தச் சட்டத்தில் ஜனாதிபதி பராக் ஒபாமா 2010 மார்ச் 23ஆம் திகதி கையெழுத்திட்டார். அதில் நமது கவனத்துக்குரிய ஒரு பிரிவு உண்டு. காங்கிரஸ் உறுப்பினர்களும் அவர்களது அலுவலக ஊழியர்களும், அந்தச் சட்டம் உருவாக்கும் காப்புறுதிச் சந்தையின் ஊடாகவே தமக்கும் காப்புறுதி பெற வேண்டும் என்பதே அது. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் சக் கிராஸ்லி முன்வைத்த யோசனை அது. அதன் பின்னால் அரசியல் கணக்கு இருந்திருக்கலாம். ஆனாலும் அதன் நியாயம் நேரானது. ஊருக்கு எதைச் சமைக்கிறாயோ அதையே நீயும் உண்.

நமக்கும் ஒரு காங்கிரஸ் இருக்கிறது. 1939ஆம் ஆண்டில் இலங்கை இந்தியக் காங்கிரசாகத் தொடங்கி, பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசாக வளர்ந்த இயக்கம். அதன் பணியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. நாடற்றவர் என்று தள்ளப்பட்ட மக்களுக்குக் குடியுரிமை கிடைப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆண், பெண் சம்பளம் 1984இல் சமமாக்கப்பட்டதிலும் அதன் பேரம் பேசும் பலம் வெளிப்பட்டது. அமரர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978ஆம் ஆண்டு அமைச்சரவையில் சேர்ந்தார். 1999இல் மறையும்வரை வெவ்வேறு கட்சிகளின் அரசாங்கங்களில் அவரது குரலுக்கு மதிப்பு இருந்தது. அவருக்குப் பின் வந்த ஆறுமுகன் தொண்டமானும் ஜீவன் தொண்டமானும் அமைச்சர் பதவிகளை வகித்தார்கள். காங்கிரசிலிருந்து பிரிந்தவர்களும் அதற்கு எதிராக எழுந்த மற்றச் சங்கங்களின் தலைவர்களும் அமைச்சர்களானார்கள்.

இத்தனை அமைச்சர்கள் இருந்தும் தோட்டத்து டிஸ்பென்சரி ஏன் இன்னும் நாட்டின் சுகாதார சேவைக்கு வெளியே நிற்கிறது? இந்தக் கேள்வியைப் பகைமையோடு கேட்கவில்லை. சந்தா கட்டிய தொழிலாளியின் சார்பில் கேட்கிறோம்.

துரைத்தனம் விட்டுச்சென்ற ஏற்பாடு

தோட்ட வைத்தியம் தனியாகப் பிரிந்து நிற்பது இன்று நேற்று வந்ததன்று. 1872இலும் 1912இலும் வெள்ளையர் இயற்றிய மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள், தொழிலாளரின் நோய்க்கும் லயன்களின் சுத்தத்துக்கும் தோட்ட நிர்வாகத்தைப் பொறுப்பாக்கின. அன்றைய நிலையில் அது ஒரு பாதுகாப்பு. தோட்ட எல்லைக்குள் நடப்பவற்றுக்குத் துரையே அரசாங்கம் என்ற நிலைக்கு ஏற்ற பாதுகாப்பு.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நமது மக்களை நாடற்றவராக்கியது. வாக்குரிமையும் தொடர்ந்து பறிபோனது. இலவச சுகாதார சேவை கிராமம் கிராமமாகப் பரவிய காலமும் அதுவே. வாக்குள்ளவன் ஊருக்கு ஆஸ்பத்திரி வந்தது. வாக்கில்லாதவன் லயத்துக்குத் துரை கொடுத்த மருந்துத் தண்ணீரே கதியானது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆயினும் டிஸ்பென்சரி சுகாதாரத் திணைக்களத்தின் கைக்கு வரவில்லை, தோட்ட நிர்வாகத்திடமே இருந்தது.

1980களில் வெளிநாட்டு உதவியுடன் தோட்டங்களில் சுகாதாரத் திட்டங்கள் நடந்தன. பிள்ளைக்காம்பராக்கள் திருந்தின, மலசலகூடங்கள் கட்டப்பட்டன, சிசு மரணம் குறைந்தது. இவற்றை நன்றியுடன் ஏற்கிறோம். ஆனால் அதே காலத்தில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவருக்கு 500 ரூபா ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. பல தோட்டங்களில் அதற்கெனச் சம்பளத்துடன் லீவும் போய்வர வாகனமும் கிடைத்தன. நள்ளிரவில் பிரசவ வேதனைப்பட்டவளுக்கு அதே வாகனம் அத்தனை சுலபத்தில் கிடைக்கவில்லை. மக்களின் தேவை ஒன்று, நிர்வாகத்தின் தேவை வேறொன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குச் சென்றது. அவ்வாண்டு அமைக்கப்பட்ட நிதியமே இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில் இயங்குகிறது. மக்கள் ‘ட்ரஸ்ட்’ என்று அழைப்பது இதைத்தான். அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் அதில் இடமுண்டு. மூவருக்கும் இடமிருப்பதால் ஒருவரையொருவர் காட்டிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் வழியுண்டு. நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கும் சம்பள நிர்ணய சபையின் முடிவு 2021இல் வந்தபின் கூட்டு ஒப்பந்த முறையும் ஆட்டம் கண்டது. அப்போது நலன்புரி வசதிகள் யாருடைய கடமை என்ற பழைய கேள்வி மீண்டும் தலைதூக்கியது.

சலுகை தலையை எண்ணும்

இந்தக் கேள்வி நுவரெலியாவைவிடச் சப்ரகமுவவில் கூர்மையாகக் குத்துகிறது. காரணம் எளிது. நுவரெலியாவில் நமது மக்கள் கூட்டமாக வாழ்கிறார்கள். அவர்களின் வாக்குகள் பாராளுமன்ற ஆசனங்களாகின்றன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் நாம் சிதறி வாழ்கிறோம். பலாங்கொடையில் சில தோட்டங்கள், இறக்குவானையில் சில, காவத்தையில் சில, தெரணியகலை, யட்டியந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய என்று மலைமடிப்புகளில் ஒட்டிக் கிடக்கும் லயன்கள். ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவே சிங்களக் கிராமங்கள். தேயிலையோடு இறப்பரும் கலந்த பூமி. ஒன்றாகக் கூட்டினாலும் ஓர் ஆசனத்துக்குப் போதுமோ போதாதோ என்ற எண்ணிக்கை.

அதனால்தான் பெரிய காரியங்கள் நம்மைக் கடந்து போகின்றன. இந்திய அரசின் உதவியுடன் டிக்கோயாவில் அமைந்த 150 கட்டில் ஆஸ்பத்திரியைப் பிரதமர் நரேந்திர மோடி 2017 மே மாதம் திறந்துவைத்தார். மலையகத் தலைவர்கள் மேடையில் வரிசையாக இருந்தார்கள். ஹட்டன் பிரதேச மக்களுக்குக் கிடைத்ததில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் தெரணியகலையில் பால் வெட்டும் தொழிலாளிக்கு டிக்கோயா எவ்வளவு தூரம்?

சப்ரகமுவ மக்கள் முயலாமலும் இல்லை. 2012ஆம் ஆண்டு மாகாண சபைத் தேர்தலில் தமிழ்க் கட்சிகள் ஒன்றுகூடிக் காங்கிரசின் சேவல் சின்னத்தில் போட்டியிட்டன. இரத்தினபுரியில் ஒருவரும் கேகாலையில் ஒருவருமாக இருவர் தெரிவானார்கள். சிதறிய வாக்கும் சேர்ந்தால் பலிக்கும் என்று காட்டிய நாள் அது. ஆனால் அந்தச் சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதற்குப்பின் தேர்தல் நடத்தப்படவில்லை. 13ஆவது திருத்தத்தின்படி ஆதார வைத்தியசாலைகளும் பிரதேச வைத்தியசாலைகளும் பெரும்பாலும் மாகாணத்தின் கீழே வருகின்றன. ஆக, நமது சுகாதாரத்துக்குப் பொறுப்பான சபையில் நாம் தெரிந்தெடுத்த குரல் இல்லை.

2024 நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் வேட்பாளரான சுந்தரலிங்கம் பிரதீப் இரத்தினபுரி மாவட்டத்தில் வெற்றிபெற்றார். பெருந்தோட்ட, சமூக உட்கட்டமைப்புப் பிரதியமைச்சராகவும் நியமிக்கப்பட்டார். காங்கிரசின் சார்பில் அந்தத் தேர்தலில் வென்றவர் ஜீவன் தொண்டமான் ஒருவரே. மலையக மக்களின் பிரச்சினைகளைத் தீர்ப்பதாக 2023 ஒக்டோபரில் ஹட்டன் பிரகடனம் செய்த கட்சியே ஆட்சிக்கு வந்தது. எனவே இக்கட்டுரை காங்கிரசை நோக்கிக் கேட்கும் கேள்வி புதியவர்களுக்கும் பொருந்தும்.

எந்தக் கட்சியாயினும் பழக்கம் ஒன்றுதான். அம்புலன்ஸ் வரும், அதில் பெயர் எழுதியிருக்கும். டிஸ்பென்சரிக்கு வெள்ளையடிப்பார்கள், வாசலில் கல்வெட்டு இருக்கும். கொழும்பு ஆஸ்பத்திரியில் கட்டில் வேண்டுமானால் தலைவரின் கடிதம் வேண்டும். இவற்றால் சிலர் உயிர் பிழைத்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இவை சலுகைகள். சலுகை தலையை எண்ணிப் பார்க்கும், வாக்கு அதிகமுள்ள இடத்துக்கே போகும். சட்டம் அப்படியல்ல. ஒரு தோட்டத்தில் ஆயிரம் பேர் இருந்தாலும் அறுபது பேர் இருந்தாலும் சட்டம் ஒன்றே. சிதறி வாழும் சிறுபான்மைக்குச் சட்டத்தைவிட நல்ல தலைவன் கிடையாது.

காய்ச்சல் காத்திருக்காது

இது வெறும் நிர்வாகப் பிரச்சினை அல்ல என்பதற்கு எலிக்காய்ச்சல் ஒன்றே போதும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் இந்நோய் மிகுந்தவை. மழை, வயல், மாணிக்கக் குழி, சேற்று நீர், எலி எல்லாம் ஒன்றுகூடும் மண் நமது மண். காலில் சிறு கீறலோடு கான் வெட்டுகிறவருக்கும் சதுப்பில் புல் அறுக்கிறவருக்கும் இது தொற்றலாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சாதாரண நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து போதும். காலம் கடந்தால் சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு உயிரே போகலாம்.

தோட்டத்தில் என்ன நடக்கிறது? காய்ச்சல் வந்தவர் முதல் நாள் பெனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். போகாவிட்டால் பேர் விழாது. இரண்டாம் நாள் டிஸ்பென்சரி பூட்டியிருக்கிறது. தோட்ட வைத்திய உதவியாளர் இரண்டு மூன்று டிவிஷன்களைப் பார்ப்பவர், அல்லது ஓய்வுபெற்றுப் போனவர், அவரது இடம் நிரப்பப்படவில்லை. அவர் இருந்தாலும் பட்டம்பெற்ற வைத்தியர் அல்லர், இரத்தப் பரிசோதனைக்கு வசதி இல்லை. அவர் துண்டு எழுதிக் கொடுக்க, நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ கரவனெல்லைக்கோ பலாங்கொடைக்கோ இரத்தினபுரிக்கோ நோயாளி போய்ச் சேருகிறார். எலிக்காய்ச்சலுக்கு அந்த நான்கு நாள் மிக நீண்ட காலம்.

வயலில் இறங்கும் விவசாயிக்கு இந்நோயைத் தடுக்கும் மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இலவசமாகக் கொடுக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிராமத்துக்குப் போய் விளக்குகிறார். அதே சேற்றில் நிற்கும் தோட்டத் தொழிலாளியிடம் அவர் தமிழில் பேச வருகிறாரா? ஒவ்வொரு தோட்டத்து மாதர் சங்கமும் இந்தக் கேள்வியைத் தமது பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியிடம் நேரில் கேட்டுப் பார்க்கலாம்.

பொறுப்பேற்பது மட்டும் போதுமா?

தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. 1990களிலிருந்து இது அரசாங்கக் கொள்கையாகப் பேசப்பட்டு வருகிறது. சில ஆஸ்பத்திரிகள் பொறுப்பேற்கப்பட்டும் இருக்கின்றன. ஆனால் மக்களிடையே இதைப்பற்றி நியாயமான அச்சங்கள் உள்ளன. “இப்போதாவது டிஸ்பென்சரிக்காரர் பக்கத்தில் இருக்கிறார், நம் பாஷை பேசுகிறார். அரசாங்கம் எடுத்தால் இதையும் மூடிவிட்டு டவுனுக்குப் போகச் சொல்வார்கள், அங்கே சிங்களம் தெரியாமல் திண்டாடுவோம்” என்கிறார்கள்.

இந்த அச்சத்தை அலட்சியம் செய்யக்கூடாது. பெயர்ப்பலகையை மாற்றி, வைத்தியரை நியமிக்காமல் விட்டால் அது பொறுப்பேற்பு ஆகாது, கைகழுவலாகும். தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பு ஏற்றுக்கொண்டது. ஆனால் நோயாளியின் வயிற்றுவலியைப் புரிந்துகொள்ள ஆஸ்பத்திரியில் சிற்றூழியரைத் தேடிப் பிடித்து மொழிபெயர்க்கும் நிலை பல இடங்களில் தொடர்கிறது. ஆகவே பொறுப்பேற்றலோடு ஆளணியும் மொழியும் சேர்ந்து வரவேண்டும்.

கம்பனிகளின் காணியில் அரசாங்கம் எப்படிச் செலவு செய்வது என்ற வாதமும் எழுப்பப்படுகிறது. காணி கம்பனிகளுடையதன்று, அரசாங்கத்துடையது. கம்பனிகளுக்கு இருப்பது குத்தகை மாத்திரமே. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணம் செலவிடத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் 2018இல் திருத்தப்பட்டது. அந்தப் பூட்டைத் திறக்க முடிந்ததென்றால் டிஸ்பென்சரியின் பூட்டையும் திறக்க முடியும்.

நாம் கேட்க வேண்டியவை

அடுத்த முறை வாக்குக் கேட்டோ சந்தா கேட்டோ வருகிறவர்களிடம் பின்வருவனவற்றை முன்வைப்போம்.

1. தோட்ட டிஸ்பென்சரிகளும் பிரசவ வார்டுகளும் அவை நிற்கும் காணியும் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்குச் சேரும் என்று, திகதி குறித்துச் சட்டம் இயற்றப்பட வேண்டும்.

2. ஒவ்வொரு தோட்டமும் ஒரு குடும்ப சுகாதார மருத்துவ மாதுவின் பிரிவில் சேர்க்கப்பட வேண்டும். அவர் தமிழ் பேசுபவராக இருக்க வேண்டும். இதற்காகத் தோட்டத்துப் பெண்பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுவிக்க வேண்டும். சப்ரகமுவவில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் மிகச் சிலவே என்பதால், இது கல்வியோடும் சேர்ந்த கோரிக்கை.

3. கிளினிக் நாளில் கர்ப்பிணித் தாய்க்கும் நீண்டகால நோயாளிக்கும் பேர் போடப்பட வேண்டும். நோயா, நாட்சம்பளமா என்று தெரிந்தெடுக்க வைப்பது அநீதி.

4. இந்திய உதவியுடன் 2016இல் தொடங்கி நாடு முழுவதும் பரவிய 1990 ‘சுவசெரிய’ அம்புலன்ஸ், லயத்தின் அருகிலாவது வரக்கூடிய பாதை வேண்டும். இரவில் அழைப்பவருக்குத் தமிழில் பதில் கிடைக்க வேண்டும்.

5. மாகாண சபைத் தேர்தல் நடத்தப்பட வேண்டும். அதுவரை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் தோட்டச் சுகாதாரம் நிரந்தர நிகழ்ச்சிநிரலாக வேண்டும். அங்கே என்ன பேசப்பட்டது என்பதைச் சங்கங்கள் மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

இவற்றோடு அமெரிக்கக் காங்கிரசிடமிருந்து ஒரு பாடத்தையும் கடன் வாங்கலாம். நமது உறுப்பினர்கள், எக்கட்சியினராயினும், மாதம் ஒரு முறை தாம் வாக்குக் கேட்ட ஒரு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகட்டும். மாலை போடும் கூட்டம் வேண்டாம், பறை மேளம் வேண்டாம். நோயாளிகளோடு வாங்கில் அமர்ந்து, தமது இரத்த அழுத்தத்தை அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும். அளக்கும் கருவி வேலை செய்கிறதா என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

திருச்சபையின் கடமை

இரத்தினபுரி மறைமாவட்டம் 1995ஆம் ஆண்டு உருவானபோது இரத்தினபுரி, கேகாலை என்ற இரு மாவட்டங்களும் அதன் எல்லையாயின. இம்மறைமாவட்டத்தின் ஏழைகளுள் தோட்ட மக்கள் முன்வரிசையில் நிற்பவர்கள். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப்பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழிலாளருக்கு வைத்திய உதவி எளிதாகவும் இயன்றவரை இலவசமாகவும் கிடைக்க வேண்டும் என்று போதித்தார். அது தர்மமாகப் போடுவதல்ல, உழைத்தவனுக்குச் சேர வேண்டியது என்பதே அப்போதனையின் கருத்து.

நல்ல சமாரியன் உவமையில் காயப்பட்டவனுக்கு எண்ணெய் வார்த்ததை நாம் அடிக்கடி நினைவுகூருகிறோம். அவன் அடுத்துச் செய்ததை மறந்துவிடுகிறோம். காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பொறுப்பேற்றான், மீதியைத் திரும்பி வந்து தருவதாக ஒப்புக்கொண்டான். இரக்கத்தை ஓர் ஏற்பாடாக்கிவிட்டுப் போனான். நமது பங்குகளில் நடத்தும் ஒருநாள் வைத்திய முகாம்கள் எண்ணெய் வார்ப்பதற்குச் சமம். அவை வேண்டும். ஆனால் முகாம் முடிந்த மறுநாளும் நோய் வரும். மறுநாளைக்கான சத்திரத்தைக் கேட்டு மக்களை ஒன்று திரட்டுவதும் நமது பணியே.

மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்த நடையில் எவரும் சலுகை கேட்கவில்லை. இந்நாட்டின் சமமான பிரஜைகளாக ஏற்கும்படி கேட்டார்கள். சமமான பிரஜைக்குக் காய்ச்சல் வந்தால் அவர் தலைவரின் கடிதத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாத நாளைக் கொண்டுவருகிறவரே, காங்கிரஸ்காரராயினும் வேறு எவராயினும், நமது வாக்குக்கு உரியவர்.